பாலுக்கு ஏன் ‘பால் வால்வு’ ஆகாது?

யூடியூப்ல ஹோம்ப்ரூயிங் வீடியோ ஒண்ணே ஒண்ணு பாத்துட்டா போதும், அடுத்த ஒரு மாசத்துக்கு அதையே காட்டிக்கிட்டு இருக்கும். அமெரிக்காவுல யாரோ ஒருத்தர் தன் கார் ஷெட்டுல பெரிய எவர்சில்வர் அண்டாவை வச்சு, மால்ட் பண்ணின பார்லியில இருந்து எடுத்த இனிப்புச் சாறைக் கொதிக்க வைப்பார். அந்தச் சாறுக்குப் பேரு வோர்ட். ஒரு மணி நேரம் கொதிச்சதும் செப்புக்குழாய்ச் சுருள் ஒண்ணை உள்ளே இறக்கி, குழாய்க்குள்ள பச்சைத் தண்ணியை ஓடவிட்டு, 100 டிகிரியில இருந்து 20 டிகிரிக்கு மளமளன்னு இறக்குவார். ஆச்சரியம் என்னன்னா, பீரைப் பத்தி அவர் பேசுறதைவிட வால்வு, கிளாம்ப், கேஸ்கெட் பத்திப் பேசுறதுதான் அதிகமா இருக்கும்.

தமிழ்நாட்டுல வீட்டில் மது தயாரிக்கிறது 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அதனால இந்தக் கட்டுரையில செய்முறை எதுவும் கிடையாது. ஆனா அந்த வீடியோவுல இருக்கிற ரெண்டு எஞ்சினியரிங் கேள்வி நமக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு. சூடான ஒரு திரவத்தை எப்படிச் சீக்கிரமா குளிர வைக்கிறது? அது ஓடுற குழாய் ஜாயின்ட்டுல அழுக்கு தங்காம எப்படிப் பாத்துக்கிறது? தேனி மாவட்டத்துல ஆண்டிபட்டியில இருந்து கம்பம், கூடலூர் வரைக்கும் இதே ரெண்டு கேள்வி தினமும் காலையிலயும் சாயங்காலமும் வருது. சரக்கு மட்டும் வேற, பால்.

முதல்ல, ஏன் இவ்வளவு அவசரம்?

வோர்ட் கொதிச்சு வர்றதால கிட்டத்தட்ட கிருமியே இல்லாம இருக்கும். ஆனா முழுக்க சர்க்கரை. ஆற ஆற, காத்துல பறக்கிற காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் விழுந்து வளர ஏத்த இடமா மாறிடும். மெதுவா ஆறவிட்டா டைமீத்தைல் சல்ஃபைடுன்னு ஒரு வேதிப்பொருளும் சேர்ந்து, வெந்த சோளம் மாதிரி வாடை வரும். பாலோட நிலைமை இன்னும் மோசம். அது கொதிச்சு வர்றதில்லை. மடியில இருந்து சுமார் 38 டிகிரியில வருது, வரும்போதே கை, காம்பு, பாத்திரம்னு எல்லா இடத்துல இருந்தும் கிருமியைக் கூட்டிக்கிட்டு வருது. நம்ம ஊரு வெயில்ல அந்தக் கிருமிகள் சுமார் அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை ரெட்டிப்பாகும்னு வச்சுக்குவோம். நாலு மணி நேரத்துல எட்டு ரெட்டிப்பு, அதாவது 256 மடங்கு. காலைல கறந்த பால் மதியம் திரிஞ்சு போறதுக்கு வேற காரணமே வேண்டாம்.

இங்க ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லிடணும். 4 டிகிரிக்குக் குளிர வச்சா கிருமி சாகாது. வளர்ற வேகம்தான் குறையும். கொல்றதெல்லாம் பின்னாடி டெய்ரியில, 72 டிகிரியில 15 விநாடி வச்சு எடுக்கிற பாஸ்டரைசேஷனோட வேலை. அதனால குளிர வைக்கிறதுக்கு முன்னாடி எத்தனை கிருமி உள்ளே வந்துச்சுங்கிறது முக்கியம். ஃபிட்டிங்ஸ் கதைக்குள்ள நுழையிறது இந்த வழியாத்தான். அதுக்கு முன்னாடி கொஞ்சம் கணக்கு.

கிராமத்துல பால் சொசைட்டியில ஊத்துற பால், பக்கத்துல இருக்கிற பல்க் மில்க் கூலருக்குப் போகும். சுருக்கமா பி.எம்.சி. ரெண்டு சுவர் வச்ச எவர்சில்வர் டேங்க். அடியில ரெஃப்ரிஜிரண்ட் ஓடும், மேல ஒரு அஜிடேட்டர் மெதுவா சுத்தும். 1000 லிட்டர் பாலை 35 டிகிரியில இருந்து 4 டிகிரிக்கு இறக்கணும்னு வச்சுக்குவோம். ஒரு லிட்டர் பால் சுமார் 1.03 கிலோ. ஸ்பெசிஃபிக் ஹீட் கிலோவுக்கு சுமார் 3.93 கிலோஜூல். 1030-ஐ 3.93-ஆல பெருக்கி, 31 டிகிரியால பெருக்கினா சுமார் 1,25,500 கிலோஜூல். யூனிட் கணக்குல சொன்னா கிட்டத்தட்ட 35 கிலோவாட் அவர் வெப்பம். இதை 3 மணி நேரத்துல எடுக்கணும்னா 11.6 கிலோவாட், அதாவது 3.3 டன் ரெஃப்ரிஜிரேஷன். ஒன்றரை டன் வீட்டு ஏ.சி. ரெண்டு முழு மூச்சா ஓடுறதுக்குச் சமம்னு கற்பனை பண்ணிக்கலாம். சி.ஓ.பி. 2.5-ன்னு எடுத்துக்கிட்டா கரன்ட் செலவு சுமார் 14 யூனிட்.

கரன்ட் போச்சுன்னா? ஜெனரேட்டர் வைக்கலாம். இல்லைன்னா ஐஸ் பேங்க்: ராத்திரி முழுக்க ஓட்டி ஐஸ் சேத்து வச்சு, பால் வரும்போது அந்த ஐஸ் தண்ணியால குளிர வைக்கிறது. ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் எடுத்துக்கும். மேல சொன்ன 1000 லிட்டருக்கு சுமார் 376 கிலோ ஐஸ் வேணும். சின்ன கம்ப்ரசர் போதும், ஆனா அது ரொம்ப நேரம் ஓடணும். கரன்ட் நிலையா இல்லாத ஊருக்கு எனக்கு இதுதான் பிடிச்ச டிசைன்.

இப்போ அந்த ஹோம்ப்ரூயிங் வீடியோக்காரர்கிட்ட ஒரு பொறாமை வருது. அவர் குழாயைத் திறந்தா 12, 15 டிகிரியில தண்ணி வரும். வோர்ட்டை 20 டிகிரிக்கு இறக்க அந்தத் தண்ணியே போதும். நம்ம பள்ளத்தாக்குல போர்வெல் தண்ணியே 27, 28 டிகிரி இருக்கும். நிலத்தடித் தண்ணியோட வெப்பநிலை அந்த ஊரோட வருஷ சராசரி வெப்பநிலைக்குப் பக்கத்துலதான் நிக்கும். அந்தத் தண்ணியை வச்சு எதையும் 28-க்குக் கீழ இறக்கவே முடியாது. எத்தனை மீட்டர் சுருள் போட்டாலும் முடியாது, ரெண்டாவது விதி விடாது.

வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தை அப்படியே எடுத்து வச்சா இடிக்கிற இடமும் இதுதான். நியூசிலாந்து பண்ணையில டேங்குக்கு முன்னாடி ஒரு பிளேட் கூலர் வச்சு, கிணத்துத் தண்ணியால பாலை முன்கூட்டியே குளிர வைப்பாங்க. அங்க பாதி வேலையை அந்தத் தண்ணியே முடிச்சுடும். அதையே இங்க வச்சா பால் 35-ல இருந்து 30-க்கு வரலாம். மொத்தம் இறக்க வேண்டிய 31 டிகிரியில 5 டிகிரி, அதாவது 16 சதவீதம். கேவலமில்லை. ஆனா அந்த பிளேட் கூலரோட விலை, அதைக் கழுவுற வேலை, புதுசா சேர்ற ஜாயின்ட் எல்லாத்தையும் சேத்துப் பாத்தா சின்ன சொசைட்டிக்குக் கட்டுப்படியாகுமான்னு யோசிக்கணும்.

தண்ணியும் பாலும் எந்தத் திசையில ஓடுதுங்கிறதும் சாதாரண விஷயமில்லை. 100 டிகிரி வோர்ட்டும் 30 டிகிரி தண்ணியும் ஒரே அளவுல, ஒரே திசையில பக்கத்துப் பக்கத்துல ஓடினா, கடைசியில ரெண்டும் 65 டிகிரியில வந்து நிக்கும், அதுக்கு மேல ஒண்ணும் நடக்காது. எதிரெதிரா ஓடவிட்டா, வோர்ட் வெளியே போற முனையில புதுத் தண்ணி உள்ளே வரும். வோர்ட் 30-க்குப் பக்கத்துல இறங்கிடும், வெளியே வர்ற தண்ணியும் நல்லா கொதிக்கக் கொதிக்க இருக்கும். எல்.எம்.டி.டி. ஃபார்முலாவை மனப்பாடம் பண்றதைவிட இந்த ரெண்டு படத்தையும் ஒரு தடவை வரைஞ்சு பாக்கிறது மேல்.

வோர்ட்டுக்கும் பாலுக்கும் உள்ள உறவு நான் இழுத்துக் கட்டின உறவு இல்லை. 1856-ல போதலோங்கிற பிரெஞ்சு பீர் தயாரிப்பாளர் வோர்ட்டைக் குளிர வைக்க ஒரு கருவி செஞ்சார். குறுக்கு வாட்டத்துல அடுக்கின குழாய்களுக்குள்ள குளிர்ந்த தண்ணி ஓடும், வெளிப்பக்கமா வோர்ட் மெல்லிய படலமா வழிஞ்சு இறங்கும். அதே கருவி பின்னாடி பால் பண்ணைக்குப் போய், ரொம்ப காலம் பால் கூலரா ஓடுச்சு. அதுல ஒரு கோளாறு, பால் திறந்த வெளியில வழியும், காத்துல இருக்கிற தூசியெல்லாம் வந்து ஒட்டும். அடுத்த பெரிய மாற்றம் லண்டன்ல நடந்துச்சு. 1910-ல ரிச்சர்ட் செலிக்மன் தொடங்கின அலுமினியம் பிளான்ட் அண்ட் வெசல் கம்பெனி பீர் ஆலைகளுக்கு அலுமினியப் பாத்திரம் செஞ்சு கொடுத்துக்கிட்டு இருந்துச்சு. அந்த செலிக்மன்தான் 1923-ல பாலுக்காக பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கொண்டு வந்தார். ஏ.பி.வி.ங்கிற பேரை டெய்ரிக்குள்ள இன்டர்ன்ஷிப் போனவங்க மெஷின் மேல பாத்திருப்பீங்க, அந்தக் கம்பெனிதான். பீர்ல இருந்து பாலுக்கு வந்தது ஒண்ணு, பாலுக்காகச் செஞ்சு பீருக்குப் போனது இன்னொண்ணு.

பிளேட் எக்ஸ்சேஞ்சரோட அழகு ரீஜெனரேஷன்ல இருக்கு. 4 டிகிரியில வர்ற குளிர்ந்த பாலை, 72 டிகிரியில வெளியேறுற சூடான பாலாலயே சூடாக்குறது. 90 சதவீத ரீஜெனரேஷன்னா, குளிர்ந்த பால் 65 டிகிரி வரைக்கும் இலவசமா ஏறிடும், மிச்சம் 7 டிகிரிக்குத்தான் பாய்லர். சூடான பாலும் அதே மாதிரி 11 டிகிரி வரைக்கும் இலவசமா இறங்கிடும்.

ஒரு சந்தேகம் வரலாம். செம்பு எவர்சில்வரைவிட சுமார் 25 மடங்கு நல்லா வெப்பம் கடத்துமே, பாலுக்கும் செம்பே போட்டா என்ன? போடக்கூடாது. செம்பு பாலோட கொழுப்பை ஆக்சிடைஸ் பண்ணி, அட்டை மாதிரி ஒரு ருசியைக் கொண்டு வந்துடும். அதோட, போட்டாலும் லாபம் கம்மி. 0.6 மி.மீ. தடிமன் எவர்சில்வர் பிளேட்டோட தடை, மொத்த வெப்பத் தடையில சுமார் பத்துல ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் ரெண்டு பக்கமும் ஒட்டி நிக்கிற திரவப் படலத்தோடது. அதனாலதான் பிளேட்டுல அந்த மேடு பள்ளம், அதனாலதான் பி.எம்.சி.யில அஜிடேட்டர். உலோகத்தை மாத்துறதைவிட திரவத்தைக் கலக்கிவிடுறது பெரிய வெற்றி.

சரி, இப்போ ஜாயின்ட்டுக்கு வருவோம். டிபன் பாக்ஸ் மூடியில இருக்கிற ரப்பர் வளையத்தைக் கழட்டி மோந்து பாத்திருக்கீங்களா? பாக்ஸ் பளபளன்னு இருக்கும், வளையத்துக்கு அடியில மட்டும் போன வாரத்து சாம்பார் இருக்கும். சானிட்டரி ஃபிட்டிங் முழுக்க அந்த வளையத்துக்கு அடியில நடக்கிற சமாச்சாரம்தான்.

வீட்டுத் தண்ணிக் குழாய்ல த்ரெட் போட்டு, டெஃப்லான் டேப் சுத்தி முறுக்குவோம். தண்ணி ஒழுகாது, அது போதும். பால் குழாய்ல ஒழுகாம இருந்தா மட்டும் போதாது. ஒவ்வொரு த்ரெட்டும் சுருள் சுருளா ஒரு குகை. பால் உள்ளே போகும், கழுவுற தண்ணி போகாது. அதனால பால் படுற பக்கம் த்ரெட்டே இருக்கக்கூடாது. நம்ம ஊரு டெய்ரிகள்ல நிறைய பாக்கிறது எஸ்.எம்.எஸ். யூனியன். செல்ஃபோனுக்குச் சம்பந்தமில்லை, ஸ்வீடன் நாட்டு ஸ்டாண்டர்ட். அதுல த்ரெட் உண்டு, ஆனா வெளிப்பக்க நட்டுல, பால் படாத இடத்துல. இன்னொண்ணு ட்ரை-கிளாம்ப். கடையில டி.சி. எண்ட்னு கேட்டாலும் எடுத்துக் கொடுப்பாங்க. ரெண்டு ஃபெரூல், நடுவுல ஒரு கேஸ்கெட், சுத்தி ஒரு கிளாம்ப், கையால திருகுற ஒரு நட்டு. ஸ்பேனர் இல்லாம அரை நிமிஷத்துல கழட்டலாம். அதுதான் இதோட பெரிய பலம். கழட்டச் சுலபமா இருந்தாத்தான் ஆளுங்க கழட்டிக் கழுவுவாங்க. வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க: 1 இஞ்சுக்கும் 1.5 இஞ்சுக்கும் ஃபெரூலோட வெளி விட்டம் ஒண்ணுதான், 50.5 மி.மீ. கிளாம்ப் ரெண்டுக்கும் பொருந்தும். கேஸ்கெட் பொருந்தாது, உள்ளே படி மாதிரி துருத்திக்கிட்டு நிக்கும், அங்கயே பால் தங்கும்.

கேஸ்கெட் ரப்பர்லயும் சாதி உண்டு. ஈ.பி.டி.எம். சூடான காஸ்டிக்கைத் தாங்கும், அதனால பீர் ஆலையில அதுக்கு மரியாதை. ஆனா கொழுப்பு பட்டா உப்பும். பாலுக்குப் பரவாயில்லை, க்ரீம், நெய் ஓடுற லைனுக்கு ஆகாது; அங்க நைட்ரைல் நல்லது. எதுவா இருந்தாலும் ரொம்ப இறுக்கினா உள்பக்கம் பிதுங்கும்.

தலைப்புல கேட்ட கேள்விக்கு வந்துட்டோம். பால் வால்வுக்குள்ள ஒரு உருண்டை, உருண்டைக்கு நடுவுல ஓட்டை. திறந்தா ஓட்டை குழாயோட நேராகும், மூடினா குறுக்க திரும்பும். மூடும்போது அந்த ஓட்டைக்குள்ள நிக்கிற பால் மாட்டிக்கும். உருண்டைக்கும் வெளி உடம்புக்கும் நடுவுல ஒரு இடுக்கு இருக்கு, அங்கயும் கசிஞ்சு போய்ச் சேரும். அப்புறம் வால்வைத் திறந்து எத்தனை லிட்டர் வெந்நீர் விட்டாலும் அது நேரா ஓடிப் போயிடும், இடுக்கைத் தொடாது. விவரம் தெரிஞ்ச ஹோம்ப்ரூயர்கள் பால் வால்வை அக்குவேறா ஆணிவேறா கழட்டித்தான் கழுவுவாங்க. டெய்ரியில அதுக்குப் பதிலா பட்டர்ஃப்ளை வால்வு: ஒரு தட்டு, ஒரு ரப்பர் வளையம், ஒளிஞ்சுக்க இடமே இல்லை. பேருல பால் இருக்கேன்னு பால் லைன்ல போட்டுடாதீங்க.

இடுக்கு சின்னதுதானே, அதுல என்ன பெரிய நஷ்டம்னு தோணும். ஒரு கணக்கு போடுவோம். 1.5 இஞ்ச் லைன்ல ஒரு டீ போட்டு, பிரஷர் கேஜ் மாட்ட 5 செ.மீ. நீளத்துக்கு ஒரு கிளை விட்டிருக்காங்க. உள் விட்டம் சுமார் 35 மி.மீ., அதனால அந்தக் கிளையில 48 மில்லி பால் நிக்கும். அரை டம்ளர்கூட இல்லை. ராத்திரி 10 மணி நேரம் அது அங்கயே 30 டிகிரியில கிடந்தா 20 ரெட்டிப்பு, கணக்குப்படி பத்து லட்சம் மடங்கு. நிஜத்துல சாப்பாடு தீர்ந்து, அமிலம் சேர்ந்து, ஒரு கட்டத்துல வளர்ச்சி நின்னுடும். ஒரு மில்லிக்கு 10 கோடின்னே வச்சுக்குவோம். 48 மில்லியில 480 கோடி. காலைல அது 1000 லிட்டர் பாலோட கலந்தா, டேங்க் முழுக்க ஒவ்வொரு மில்லிக்கும் 4,800 கிருமி கூடுதல். சுத்தமா கறந்த பால்ல மொத்தமே மில்லிக்குச் சில ஆயிரம்தான் இருக்கும். கறந்தவங்க மடியைக் கழுவி, கையைக் கழுவிச் செஞ்ச சுத்தம் அத்தனையும் அந்த 5 செ.மீ. குழாயில போச்சு. கிளையோட நீளம் அதோட விட்டத்தைப் போல ரெண்டு மடங்குக்குள்ள இருக்கணும்னு டிசைன்ல ஒரு விதி வச்சிருக்காங்க. இந்த 5 செ.மீ. கிளை அந்த விதிக்குள்ளதான் வருது! அதனால நீளத்தை அளந்துட்டு நிம்மதியா போயிடக்கூடாது. கழுவுற தண்ணி உள்ளே சுழலுதா, லைன் நின்னதும் பால் தானா வடியுதான்னு பாக்கணும். கிளை மேல் நோக்கி நின்னா காத்து மாட்டிக்கும், கீழ் நோக்கி நின்னா பால் தங்கும். படுக்கை வாட்டத்துல லேசா சரிவு கொடுத்து வைக்கிறது உத்தமம்.

வெல்டிங் பத்தி ஒரே ஒரு வார்த்தை. டிக் வெல்டிங் பண்ணும்போது குழாய்க்குள்ளயும் ஆர்கான் விட்டுப் பர்ஜ் பண்ணணும். விடலைன்னா வெளியே அழகா இருக்கும், உள்ளே கருப்பா சர்க்கரை கொட்டின மாதிரி சொரசொரப்பு. உள்பக்கம் 0.8 மைக்ரான் அளவுக்கு வழவழப்பு வேணும்னு காசு கொடுத்துக் குழாய் வாங்கிட்டு, ஜாயின்ட்டுல இப்படி விட்டா என்ன பிரயோஜனம்?

கழுவுற முறையை நம்ம வீட்டு அடுப்படியில இருந்தே ஆரம்பிக்கலாம். பால் சட்டியில முதல்ல பச்சைத் தண்ணி ஊத்தி ஊற வைப்பாங்க, எடுத்த உடனே வெந்நீர் ஊத்த மாட்டாங்க. ஊத்தினா புரதம் வெந்து ஒட்டிக்கும். டெய்ரியிலயும் அதே வரிசை. முதல்ல வெதுவெதுப்பான தண்ணி, அப்புறம் 70 டிகிரி வாக்குல 1 முதல் 1.5 சதவீத காஸ்டிக் சோடா கொழுப்பையும் புரதத்தையும் எடுக்கும், அலசினதும் நைட்ரிக் அமிலம் பால்கல்லை எடுக்கும். பால்கல்ங்கிறது பாலோட கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து படியிற வெள்ளைப் படிவு. தண்ணி உப்பா இருக்கிற ஊர்ல சீக்கிரம் படியும். ரசாயனம் மட்டும் போதாது, வேகமும் வேணும். குழாய்க்குள்ள விநாடிக்கு 1.5 மீட்டர் வேகம் வேணும்பாங்க. 1.5 இஞ்ச் லைனுக்கு அது மணிக்கு சுமார் 5,200 லிட்டர். ரெனால்ட்ஸ் நம்பர் லட்சத்தைத் தாண்டும், நல்ல கொந்தளிப்பு. சின்ன பம்ப் வச்சு மெதுவா சுத்தவிட்டா கழுவின மாதிரி இருக்கும், கழுவியிருக்காது.

இதுல இன்னொரு வில்லங்கம், 4 டிகிரியிலயும் வளர்ற கிருமி உண்டு. சூடோமோனாஸ் அந்த வகை. ஜாயின்ட்டுல படலமா ஒட்டி உக்காந்துக்கும். பாஸ்டரைஸ் பண்ணினா அது செத்துடும், ஆனா அது சுரந்து விட்ட சில என்சைம்கள் 72 டிகிரியையும் தாங்கி நின்னு, பாலைக் கசக்க வைக்கும். அதாவது கடைசியில சூடு பண்ணத்தானே போறோம்னு முன்னாடி அலட்சியமா இருக்க முடியாது.

இது பணப் பிரச்சினையும்கூட. சொசைட்டியில கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் பாத்துத்தான் பாலுக்கு விலை. ரெண்டு மாடு வச்சிருக்கிறவர் ஊத்துற 10 லிட்டரும், பக்கத்து வீட்டுக்காரர் ஊத்துற 10 லிட்டரும் ஒரே டேங்குலதான் போய்ச் சேருது. டேங்க் திரிஞ்சா யாரோட பால்ல கோளாறுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. கோளாறு பால்ல இல்லாம வால்வுல இருந்தாலும் பழி மாட்டுக்காரர் மேலதான் விழும். சாயங்காலப் பாலை ஊத்துறதுலயும் இதே சிக்கல். டேங்குல காலைப் பால் 500 லிட்டர் 4 டிகிரியில இருக்கும்போது 35 டிகிரியில இன்னொரு 500 லிட்டரை ஒரேயடியா கொட்டினா மொத்தமும் 19.5 டிகிரிக்கு ஏறிடும். குளிர்ந்து கிடந்த காலைக் கிருமியெல்லாம் எந்திரிச்சு உக்காரும். கலந்த பால் 10 டிகிரியைத் தாண்டக்கூடாதுன்னு அமெரிக்காவுல விதியே இருக்கு.

மெக்கானிக்கல், இ.சி.இ. பசங்க சேர்ந்து ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு அலையிறீங்கன்னா, இங்க வேலை கிடக்கு. உங்க ஊரு சொசைட்டி செயலாளர்கிட்ட அனுமதி கேட்டு, பி.எம்.சி. வெளிச் சுவர்லயும் அவுட்லெட் வால்வுலயும் ரெண்டு டெம்பரேச்சர் சென்சர் ஒட்டி, நிமிஷத்துக்கு ஒரு ரீடிங்னு ஒரு வாரம் பதிவு பண்ணுங்க. டேங்க் 4 டிகிரி காட்டும்போது அவுட்லெட் குழாயில நிக்கிற பால் எத்தனை டிகிரியில இருக்குன்னு பாருங்க, அஜிடேட்டர் அங்க எட்டாது. கூடவே மெத்திலீன் ப்ளூ டெஸ்ட்: 10 மில்லி பால்ல 1 மில்லி சாயம், 37 டிகிரி தண்ணித் தொட்டியில வச்சு, நீல நிறம் போக எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்கிறது. 5 மணி நேரத்துக்கு மேல நீலமா நின்னா ரொம்ப நல்ல பால், அரை மணி நேரத்துக்குள்ள வெளுத்தா மோசம். டேங்குக்கு மேல இருந்து ஒரு சாம்பிள், அவுட்லெட்டுல முதல்ல வர்ற 50 மில்லியில ஒரு சாம்பிள் எடுத்து ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வைங்க. பேசின்ல போகிற அந்த முதல் 50 மில்லிக்காகத்தான் இவ்வளவும் எழுதினது.